நசுங்கிய தீப்பெட்டிக்கு 18 ஆயிரம் ரூபாயா? 'லிமிடெட் எடிஷன்' பிரின்ட் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அந்த வாட்ஸ்அப் வந்தது. அனுப்பியவன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், இப்போது பெங்களூருவில் ஐ.டி. வேலை. புதிதாக ஃபிளாட் வாங்கியிருக்கிறான்.

படத்தைத் திறந்தால், ஒரு தீப்பெட்டி. யாரோ மிதித்து நசுங்கிய, குச்சி தீர்ந்துபோன பழைய தீப்பெட்டி. அதையே ஒன்றரை அடி அகலத்துக்குப் பெரிதாக்கி, கெட்டியான காகிதத்தில் ஐந்து நிறத்தில் அச்சடித்திருந்தார்கள். கீழே பென்சிலில் 11/40 என்று ஓர் எண். பக்கத்தில் ஒரு கையெழுத்து. விலை 18 ஆயிரம் ரூபாய்.

"மாப்ளே, நம்ம ஊர்த் தீப்பெட்டி மாதிரியே இருக்குல்ல? ஞாயித்துக்கிழமைக்குள்ள பணம் கட்டணுமாம். வாங்கலாமா, இல்ல ஏமாத்துறானுகளா?"

"ஏமாத்துறானுக" என்று உடனே பதில் போட்டுவிட்டேன். அப்படிப் போட்டதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் நானே ஒரு ஆன்லைன் கடையில் 6,500 ரூபாய் கொடுத்து ஒரு 'லிமிடெட் எடிஷன்' வாங்கி ஏமாந்தவன். அது சாதாரண போஸ்டர்தான் என்று பிறகு தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைவதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எல்லாமே ஏமாற்று என்று சொல்லிவிட முடியுமா?

அந்த 11/40 என்ன கணக்கு?

மொத்தம் 40 பிரதிகள் அச்சடித்தார்கள், இது அதில் 11-வது. அவ்வளவுதான். 40 முடிந்ததும் அச்சுப் பலகையைக் கீறிவிடுவார்கள், அல்லது ஸ்கிரீனைக் கழுவிவிடுவார்கள். மறுபடி அடிக்க முடியாது, அடிக்கக் கூடாது. அந்த வாக்குறுதிக்குத்தான் விலை.

எண் சின்னதாக இருந்தால் மதிப்பு அதிகம் என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் அது கதை. செம்புத் தகட்டில் ஊசியால் நேரடியாகக் கீறி அச்சடிக்கும் 'டிரை பாயின்ட்' முறையில் மட்டும் அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அச்சடிக்க அடிக்கக் கீறலின் விளிம்பு தேய்ந்துபோகும், முதல் சில பிரதிகள்தான் நன்றாக இருக்கும். ஸ்கிரீன் பிரின்டில் முதல் பிரதியும் நாற்பதாவது பிரதியும் ஒன்றுதான். சொல்லப்போனால் எண் போட்ட வரிசையில்தான் அச்சாகியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. காயப்போட்டு அடுக்கும்போதே வரிசை மாறிவிடும்.

எண்ணுக்குப் பதிலாக 'ஏ.பி.' என்று எழுதியிருந்தால் அது ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப், ஓவியர் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளும் பிரதி. பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருப்பது வழக்கம். 40 பிரதிகளுக்கு 4 ஏ.பி. என்றால் சரி. 40 ஏ.பி. என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்கிரீன் பிரின்டிங் நமக்குப் புதிதில்லை. கல்யாணப் பத்திரிகையும் தாம்பூலத்துக்குக் கொடுக்கும் மஞ்சள் பையும் அப்படித்தான் அச்சாகின்றன. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணி, அதில் படம் இருக்கும் இடம் மட்டும் திறந்திருக்கும், மேலே மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஓர் இழுப்பு. ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். ஐந்து நிறம், 40 பிரதி என்றால் குறைந்தது 200 இழுப்பு. நான்காவது நிறத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் அந்தத் தாள் வேஸ்ட். இதைக் கணக்குப் போட்டபோதுதான் சிநேகிதனுக்கு "கொஞ்சம் பொறு, விசாரிப்போம்" என்று இரண்டாவது மெசேஜ் போட்டேன்.

குப்பையை முதலில் சுவரில் மாட்டியது யார்?

1972-ல் இர்விங் பென் என்ற புகைப்படக்காரர் நியூயார்க் தெருவில் கிடந்த சிகரெட் துண்டுகளைப் பொறுக்கி ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார். 'வோக்' பத்திரிகைக்கு அழகிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். அதே கவனத்தோடு அந்தத் துண்டுகளையும் எடுத்து, பிளாட்டினம் உப்புக் கரைசல் பூசிய காகிதத்தில் கையால் அச்சிட்டார். 1975-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. அடுத்து அவர் கைவைத்தது நசுங்கிய பேப்பர் கப், ஒற்றைக் கையுறை போன்ற தெருக் குப்பைகளில்.

இன்னும் பொருத்தமான ஆள் ராபர்ட் ராஷன்பெர்க். 1971-ல் அவர் செய்த 'கார்ட்பேர்ட்' வரிசையைப் பார்த்தால், குப்பையில் கிடந்த அட்டைப்பெட்டியைப் பிய்த்து ஒட்டியது போலத்தான் இருக்கும். உண்மையில் பெட்டியில் இருக்கும் எழுத்து, கறை எல்லாமே ஆஃப்செட்டிலும் ஸ்கிரீனிலும் பார்த்துப் பார்த்து அச்சடித்தவை. குப்பை போலத் தெரிய வேண்டும் என்பதற்காக அத்தனை பாடு.

அவர் 1975-ல் அகமதாபாத்துக்கே வந்துவிட்டார். காந்தி ஆசிரமத்தின் காகித ஆலையில் உட்கார்ந்து வேலை செய்தார். அங்கே அவர் பயன்படுத்திய ஒரு கலவையின் பட்டியலைப் படித்தால் நம் வீட்டு அடுப்படி ஞாபகம் வரும். காகிதக் கூழ், அரைத்த புளியங்கொட்டை, வெந்தயப் பொடி, சுண்ணாம்புப் பொடி, கோந்து, மயில் துத்தம். இதைத் தண்ணீரில் பிசைந்த சேறுதான் அவருடைய 'யூனியன்ஸ்' வரிசைக்கு மூலப்பொருள். அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பக்கம் புளியங்கொட்டைப் பசையைத் துணிக் கஞ்சிக்கும் போஸ்டர் ஒட்டவும் பயன்படுத்தியவர்கள் யாராவது இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

டெல்லியில் விவான் சுந்தரம் வேறு வழியில் போனார். குப்பை பொறுக்கும் தொழிலாளர்களோடு சேர்ந்து, தகர டப்பாவும் பாட்டிலும் கிழிந்த செருப்புமாக ஸ்டூடியோ தரையில் ஒரு நகரத்தையே கட்டினார். அதை உயரத்திலிருந்து படமெடுத்துப் பெரிய டிஜிட்டல் பிரின்டாகப் போட்டார். 2008-ல் 'டிராஷ்' என்ற பெயரில் கண்காட்சி வைத்தார். அவர் 2023-ல் காலமானார்.

ஒதுக்கி வைத்த ஒன்று உயர்ந்ததாக மாறும் கதை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புதிதா என்ன? மகள் சூடிப் பார்த்துவிட்டாள் என்று பெரியாழ்வார் ஒதுக்கிய மாலையைத்தானே பெருமாள் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்றைக்கும் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிறது. கொஞ்சம் இழுத்துப் பிடித்த ஒப்புமைதான், ஒப்புக்கொள்கிறேன். பஸ் ஜன்னலில் கோபுரம் தெரியும்போது வேறு எதுவும் தோன்றவில்லை.

சிவகாசியின் 'அன்லிமிடெட் எடிஷன்'

இங்கிருந்து சிவகாசி அரை மணி, முக்கால் மணி நேரப் பயணம். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படித்தான் சிவகாசியில் அச்சுத் தொழில் வேர் பிடித்தது. பிறகு பட்டாசு லேபிள், காலண்டர், டைரி.

ஒன்றரை இரண்டு அங்குல இடத்தில் கிளி, சாவி, ரயில், தாமரை, சிறுத்தையோடு மல்லுக்கட்டும் மனிதன். எழுதப் படிக்கத் தெரியாதவரும் 'கிளி மார்க் குடுங்க' என்று கேட்டு வாங்க வேண்டும், அதுதான் டிசைன். ஒரு லேபிள் லட்சக்கணக்கில் அச்சாகும், ஒரு வாரத்தில் தெருவில் கிடக்கும். கையெழுத்து கிடையாது, எண் கிடையாது. வரைந்தவர் பெயரும் பெரும்பாலும் கிடையாது.

காலண்டர் ஓவியர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள். கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜுவின் பெயர் நமக்குத் தெரிகிறது. 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போயின. டிசம்பர் முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்து எறிந்துவிட்டு, படத்தை மட்டும் சட்டம் போட்டுப் பூஜை அறையில் மாட்டிக்கொண்டோம். தூக்கிப்போட வேண்டிய பொருளைக் கலையாக்குவதற்கு நியூயார்க் அருங்காட்சியகம் வரைக்கும் போக வேண்டியதில்லை. எங்கள் ராஜபாளையம் வீட்டில் அப்படி ஏழு படம் இருந்தது.

தீப்பெட்டி லேபிளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் ஐந்தாம் வகுப்பில் சேர்த்த லேபிள்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. ஒரு போகிக்கு என் தம்பி அதைக் குப்பையோடு கொண்டுபோய் நெருப்பில் போட்டான். தீப்பெட்டி லேபிள் தீயில் போனது பொருத்தம்தான் என்று இப்போது ஜோக் அடிக்கிறேன். அன்றைக்கு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

தீப்பெட்டியே இன்று இழுபறியில் இருக்கும் தொழில். 2007-ல் 50 காசிலிருந்து 1 ரூபாயான விலை, 14 வருஷம் கழித்து 2021 டிசம்பர் 1-ம் தேதிதான் 2 ரூபாயானது. மலிவான பிளாஸ்டிக் லைட்டர் கடைக்குக் கடை தொங்குகிறது. 2023-ல் 20 ரூபாய்க்கும் குறைவான சிகரெட் லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டதற்குப் பின்னால் இந்தப் பக்கத்துத் தீப்பெட்டித் தொழில்துறையினரின் நெடுநாள் கோரிக்கை இருக்கிறது. பெட்டி தெருவில் குறையக் குறையத்தான் அதன் படத்துக்கு பெங்களூருவில் விலை ஏறுகிறது.

சரி, பழைய லேபிளை ஒருவர் எடுத்து பிரின்டாகப் போட்டு விற்கலாமா? ஓவியர் பெயர் தெரியாத படைப்புக்கு, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு என்கிறது இந்தியச் சட்டம். அதன் பிறகு படம் பொதுச்சொத்து. ஆனால் டிரேட்மார்க் வேறு கணக்கு. பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போனால் அதற்கு முடிவே கிடையாது. கம்பெனி இன்றும் அந்த மார்க்கில் பெட்டி விற்றுக்கொண்டிருந்தால், பிரின்ட் போடுபவர் கேட்டுவிட்டுப் போடுவதுதான் முறை.

போனை எடுங்கள், கிட்டே வையுங்கள்

இப்போது என் 6,500 ரூபாய் கதை. வாங்கிய பிரின்டை ஒரு நாள் போனின் மேக்ரோ கேமராவில் சும்மா படமெடுத்தேன். நிறம் இருந்த இடமெல்லாம் குட்டிக் குட்டிப் புள்ளிகள், பூ மாதிரி வட்ட வட்டமாக. செய்தித்தாள் படத்தைப் பெரிதாக்கினால் தெரியுமே, அதே புள்ளிகள். அதாவது ஆஃப்செட் போஸ்டர். 'கையால் அச்சிட்டது' என்று சொல்லி விற்றிருந்தார்கள். கீழே இருந்த கையெழுத்தும் அச்சு. நகத்தால் சுரண்டிப் பார்த்தும் பென்சில் கரி வரவில்லை.

ஸ்கிரீன் பிரின்டில் ஒவ்வொரு நிறமும் தனிப் படலமாக உட்கார்ந்திருக்கும். சாய்த்துப் பிடித்தால் மேடு தெரியும், ஓரத்தில் ஒரு நிறம் இன்னொன்றின் மேல் ஏறியிருக்கும். தகட்டில் அடித்ததென்றால் படத்தைச் சுற்றிக் காகிதம் அழுந்திய தடம் இருக்கும்.

'ஜிக்லே' என்ற சொல்லையும் நிறையக் கேள்விப்படுவீர்கள். பிரெஞ்சுப் பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நல்ல மை, நல்ல காகிதம் போட்ட இங்க்ஜெட் பிரின்ட்தான். 1991-ல் அமெரிக்காவில் ஒரு பிரின்டர், இங்க்ஜெட் என்று சொன்னால் மவுசு இருக்காது என்று இந்தப் பெயரை வைத்தார். மோசமான பொருள் இல்லை. ஆனால் அங்கே தேய்வதற்குத் தகடும் இல்லை, கழுவுவதற்கு ஸ்கிரீனும் இல்லை. கம்ப்யூட்டரில் ஃபைல் இருக்கும்வரை நாற்பதென்ன, நாலாயிரமும் அடிக்கலாம். நீங்கள் நம்பி வாங்குவது விற்பவரின் வாக்கை மட்டுமே. சுங்கவரிப் பட்டியலே இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது: ஓவியர் தன் கையால் செய்த தகட்டிலிருந்து நேரடியாக எடுத்ததுதான் 'அசல்' பிரின்ட், இயந்திர முறையிலோ புகைப்பட முறையிலோ எடுத்தது அந்தக் கணக்கில் வராது.

வாக்கு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு ஒரு வழக்கே நடந்தது. வில்லியம் எகிள்ஸ்டன், அமெரிக்கப் புகைப்படக்காரர். தெருவில் நிற்கும் பழைய மூன்று சக்கர சைக்கிள் மாதிரி, யாரும் திரும்பிப் பார்க்காத பொருட்களை எடுத்தே பெயர் வாங்கியவர். லிமிடெட் எடிஷனாக முன்பு விற்ற சில படங்களையும் சேர்த்து, 2012-ல் பெரிய அளவில் புதிதாக டிஜிட்டல் பிரின்ட் போட்டு ஏலம் விட்டார். 36 பிரின்டுகள் சுமார் 59 லட்சம் டாலருக்குப் போயின. அந்தச் சைக்கிள் மட்டும் 5,78,500 டாலர். பழைய பிரதியை வைத்திருந்த ஒரு சேகரிப்பாளர், "என் பொருளின் மதிப்பைக் கெடுத்துவிட்டார்" என்று வழக்குப் போட்டார். 2013-ல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. வேறு அளவு, வேறு முறை என்றால் அது வேறு எடிஷன் என்று ஆகிவிட்டது.

ஆகவே விற்பவரிடம் 'எத்தனை பிரதி' என்று கேட்டால் மட்டும் போதாது. வேறு அளவில் இதே படம் வருமா, ஸ்கிரீன் என்ன ஆனது, ஏ.பி. எத்தனை என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். காகிதம் எது என்றும் கேளுங்கள். மரக்கூழ்க் காகிதம் சில வருஷத்தில் மஞ்சளாகிவிடும், பருத்திக் காகிதம் தலைமுறை தாண்டும். அந்தப் பருத்திக் காகிதமே துணிக் கழிவிலிருந்து வருவதுதான். சென்னையின் தாரா புக்ஸ் கையால் ஸ்கிரீன் அடித்துப் பிரதிக்குப் பிரதி எண் போட்டு விற்கும் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' புத்தகத்தின் கருப்புத் தாளும் அந்த வகைதான். மையைச் சரிபார்க்க அடித்து வீணான தாள்களைக்கூட அவர்கள் எறிவதில்லை. 'ஃப்ளூக் புக்' என்று நோட்டுக்கு அட்டையாகப் போட்டு விற்கிறார்கள். தீப்பெட்டி லேபிள்களுக்கே 'மேட்ச்புக்' என்று தனிப் புத்தகம் போட்டவர்களும் அவர்கள்தான்.

வீட்டில் ஒரு சோதனை

இதையெல்லாம் படித்த வேகத்தில் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டிலேயே இறங்கினேன். 'கொலாகிராஃப்' என்று ஒரு முறை. அட்டையில் பொருட்களை ஒட்டி, வார்னிஷ் அடித்துக் காயவைத்து, மை தடவி, மேலே ஈரக் காகிதம் வைத்து அழுத்தினால் அவற்றின் தடம் அப்படியே விழும். பெரிய மெஷின் இல்லாவிட்டால் கரண்டியின் முதுகால் தேய்க்கலாம்.

பொருளுக்குப் பஞ்சமா? அப்பா மில்லிலிருந்து கொண்டுவந்த காகிதக் கோன் பரணில் கிடந்தது. சின்ன வயதில் அதுதான் எங்களுக்கு மைக். சத்திரப்பட்டிப் பக்கம் தறியில் நெய்யும் பேண்டேஜ் துணியில் ஒரு துண்டு. பால்கோவா வாங்கிய அட்டைப்பெட்டி. தீப்பெட்டியின் அடிப்பெட்டி. பேண்டேஜ் துணிதான் அசத்திவிட்டது. ஒவ்வொரு இழையும் தனித்தனியாக விழுந்தது, வலை மாதிரி. கோன் மட்டும் மேடு அதிகமாகிக் காகிதத்தைக் கிழித்துவிட்டது.

"மாமா, இது ஆர்ட்டா, ஹோம்வொர்க்கா?" என்றாள். ஆறு பிரதி எடுத்தோம். ஆறாவது தேறவில்லை. அவளே 1/5, 2/5 என்று எண் போட்டுக் கையெழுத்தும் போட்டாள். என் பெயரை எங்கேயும் போடவில்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏய்யா, போகிக்கு எரிச்சதையெல்லாம் திரும்ப வீட்டுக்குள்ள கொண்டாறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சிநேகிதன் கடைசியில் அந்தப் பிரின்டை வாங்கினான். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஓவியர் ஒழுங்காகப் பதில் எழுதியிருந்தார்: ஐந்து ஸ்கிரீன், நான்கு ஏ.பி., எல்லாம் கழுவியாயிற்று, வேறு அளவில் வராது. லேபிளை முதலில் வரைந்தது யார் என்ற கேள்விக்கு மட்டும், 'தெரியவில்லை, தேடினேன், கிடைக்கவில்லை' என்று இருந்தது. அந்த நேர்மைக்காகவே வாங்கினேன் என்றான்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவனுடைய அம்மா பெங்களூருவுக்குப் போயிருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவர் அவர். குரோஸுக்கு இத்தனை காசு என்று கூலி. ஹாலில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாராம். விலையைச் சொல்லாமல், "எப்படிம்மா இருக்கு?" என்று இவன் கேட்டிருக்கிறான்.

"லேபிளைக் கோணையா ஒட்டிருக்கா பாரு. மேல் ஓரத்துல பசை பத்தல. புதுசா வந்த பிள்ளை எவளோ ஒட்டுனது. எங்க கணக்கப்பிள்ளை கண்ணுல பட்டிருந்தா, பெட்டியத் திருப்பி மடியிலயே போட்டிருப்பாரு."